அடைப்புக்குறிக்குள் ஒரு ஓய்வு

பனிக்கோடரிக்குச் சுத்தியல் பொருத்துவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, சார்ஜன்ட். பொறுமை உள்ள எவரும் செய்யலாம். இப்போது கடையில் வருகிற கோடரிகள் எல்லாம் உறைந்த அருவியில் ஏறுவதற்கென்று செய்தவை. வளைந்த தண்டு, மெல்லிய அலகு, பின்பக்கம் மொட்டை. ஆல்ப்ஸ் பக்கம் அது போதும். நம் ஸ்காட்லாந்து மலைகளில் கொஞ்சம் பனி, கொஞ்சம் பாறை, மீதி உறைந்த புல்மண். சில இடங்களில் பாறை விரிசலில் ஓர் இரும்பாணியை அடித்து, அதில் கயிற்றை மாட்டினால்தான் மேலே போகிறவன் விழுந்தாலும் பிழைப்பான். ஆணி அடிக்கச் சுத்தியல் வேண்டும். அதனால் புதுக் கோடரி வாங்கிய கையோடு ஸ்பீன் பிரிட்ஜில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறைக்கு வந்து நிற்பார்கள்.

கோடரியின் தலையில் இரண்டு துளை, சுத்தியல் கட்டியில் இரண்டு துளை, இரண்டு போல்ட். துளை போடும்போது எண்ணெய் விட்டு, மெதுவாக, சூடேறாமல் போட வேண்டும். இதில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: நெருப்பு கூடாது. கோடரித் தலை பதம் ஏற்றிய இரும்பு. வெல்டிங் வைத்தால் அந்தப் பதம் கெட்டுவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. குளிரில், அடி விழ விழ, உள்ளே விரிசல் ஓடும். முப்பத்தோரு வருடத்தில் என் பட்டறையிலிருந்து போன கோடரி ஒன்றுகூட உடைந்து திரும்பி வந்ததில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் நம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். ‘வீட்டுப் பட்டறையில் அரைகுறையாகச் செய்யப்பட்ட மாற்றமே விபத்துக்குக் காரணம் எனத் தெரிகிறது.’ அரைகுறை. கோடரிக்கும் குடைக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு நிருபர் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழேயே என் பெயர். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே காலையில் பஸ் ஏறி ஃபோர்ட் வில்லியம் ஸ்டேஷனுக்கு வந்தேன். அந்த வேலை அரைகுறை இல்லை. நான் செய்ததிலேயே மிகக் கவனமாகச் செய்த வேலை அதுதான்.

நினியன் பெய்னை எனக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியும். அவனை எல்லோருக்கும் பிடிக்கும். அது அவனுடைய பழக்கம். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தான். எதற்கும் சிரிப்பான். மலையில் கால் விரல் விறைத்துப் போனாலும் சிரிப்பான். எனக்கு அவனை ஆரம்பத்தில் பிடித்திருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் கல் மனசுக்காரன் இல்லை.

2004 பிப்ரவரியில் அவனும் நானும் பென் அர்டாக்கின் வடக்குச் சுவரில் ஒரு புது வழியில் ஏறினோம். முன்னால் போனது நான். கீழே நின்று கயிறு பிடித்தது அவன். இறங்கி ஓடிவந்து கடைசி பஸ்ஸைப் பிடித்ததால் அந்த வழிக்குக் ‘கடைசிப் பேருந்து’ என்று பெயர் வைத்தோம். புது வழியை முதலில் ஏறியவனின் பெயர் மலையேறிகளின் கையேட்டில் அச்சாகும். முன்னால் போனவன் பெயர் முதலில், கயிறு பிடித்தவன் பெயர் அடுத்து. ‘கடைசிப் பேருந்து, 130 மீட்டர். எம். கில்லீஸ், என். பெய்ன்.’ எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. கல்யாணம் நான்கு வருடம் நின்றது. கையேட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த ஒரு வரி இருந்தது. பத்தொன்பது வருடம் இருந்தது.

உங்களுக்கு மலை பழக்கம் இல்லை என்பது உங்கள் காலணியைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே ஏறுவதற்கு ஒரு நாணயம் உண்டு. ஆணி அடிக்கலாம், விழுந்தால் பிடிப்பதற்கு. ஆனால் அந்த ஆணியில் உடம்பைத் தொங்கவிட்டு இளைப்பாறக் கூடாது. இளைப்பாறினால் அதைச் சொல்லிவிட வேண்டும். கையேட்டில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ‘ஒரு ஓய்வு’ என்று அச்சடிப்பார்கள். அதற்கப்புறம் வேறு ஒருவன் ஓய்வில்லாமல் ஏறிவிட்டால் அவன் பெயர் கீழே வரும்: ‘முதல் சுத்தமான ஏற்றம்.’ அப்போது மேலே இருக்கிறவன் யார்? அழுக்காக ஏறியவன்.

போன வருடம் ஏப்ரலில் கையேட்டின் புதுப் பதிப்பு வந்தது. கடையில் நின்றபடியே புரட்டினேன். ‘கடைசிப் பேருந்து, 130 மீட்டர். எம். கில்லீஸ் (ஒரு ஓய்வு), என். பெய்ன்.’

கையேட்டைத் தொகுப்பவர் எடின்பரோவில் பல் டாக்டர். மற்றவர்கள் வாய்க்குள் விளக்கடித்துப் பார்ப்பதே அவர் தொழில். பழைய வழிகளை ஏறிய எல்லோருக்கும் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். எனக்கும் போட்டார். எல்லாம் சரியாகவே இருக்கிறது, ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம் என்றேன். நினியனுக்கும் போட்டிருக்கிறார்.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் சமையலறையில் சூப் கிண்டிக்கொண்டிருந்தான்.

“டேய், அவரு நேரா கேட்டாருடா. ‘யாராவது ஆணியில தொங்கினீங்களா?’ன்னு. பத்தொன்பது வருஷமா யாரும் கேக்கல, நானும் சொல்லல. கேட்டப்புறம் என்ன பொய்யா சொல்லச் சொல்ற?”

“நான் தொங்கல” என்றேன்.

“கயித்தப் புடிச்சிட்டிருந்தது யாரு? நான்தான?” என்று சிரித்தான். “மர்டோ, ஒரு ஓய்வுடா. கையெல்லாம் வெறைச்சுப் போச்சு, அன்னிக்கு அடிச்ச காத்துக்கு. ஆனைக்கும் அடி சறுக்கும். உக்காரு, சூப் குடி.”

உட்கார்ந்தேன், குடித்தேன். பார்லியும் டர்னிப்பும் போட்ட சூப், உப்புக் குறைவு. கயிறு பிடிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை எங்கள் ஆட்களிடம் உண்டு. மேலே இருப்பவன் தும்மினால்கூடக் கயிற்றில் தெரியும் என்பார்கள். அறுபது மீட்டர் கயிறு, காற்று, பாறை விளிம்பில் உரசல், எல்லாம் சேர்ந்தால் கயிறு ஆயிரம் சொல்லும். கஷ்டமான இடத்தில் ஓர் ஆணி அடித்தேன், அது உண்மை. ஆனால் அந்த ஆணியில் நான் தொங்கவில்லை. இதை அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

எங்கள் மலையேறிகள் கிளப்பில் வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. நான் உள்ளே நுழைந்தால் எவனாவது நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க மர்டோ, ஒரு ஓய்வு எடுத்துக்கோங்க” என்பான். மேசை முழுக்கச் சிரிக்கும். நினியன் சிரிக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அவன் தலை குனிந்து பீர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அதுதான் அதிக எரிச்சலாக இருந்தது. என்மேல் பரிதாபப்பட அவன் யார்? அதற்கப்புறம் ஒன்பது மாதம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜனவரி மாதம் ஒரு மத்தியானம் அவனே பட்டறைக்கு வந்தான். கையில் புது ஜோடிக் கோடரி, கைக்கு ஒன்றாக. சேற்றுக் காலோடு உள்ளே வந்து, பெஞ்சில் இருந்த அரத்தைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

“வலது கைக் கோடரிக்கு ஒரு சுத்தியல் வேணும்டா” என்றான். “ஐலா அடம்புடிக்கறா. சுத்தியல் இல்லாம போனா கயிறு புடிக்க மாட்டேன்கறா.”

ஐலா அவன் மனைவி. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கினான். “கடைசிப் பேருந்து. நான் அத முன்னாடி போய் ஏறினதே இல்லையே. அம்பத்திரண்டு வயசாச்சு, இனிமே எப்ப? ஓய்வில்லாம ஏற முடியும்னு தோணுது.” அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “டேய், நீயும் வா. நீ முன்னாடி போ, நான் கயிறு புடிக்கறேன். நீயே ஏறி முடி. அந்த அடைப்புக்குறிய அவங்க தூக்கிட்டுப் போகட்டும்” என்றான்.

எனக்கு முழங்கால் சரியில்லை என்றேன். அது உண்மைதான், ஈரமான நாட்களில் வலிக்கும்.

“ஆணி அடிப்பியா?” என்று கேட்டேன்.

“அடிக்கவே மாட்டேன். விரிசல்ல சொருகற சாமான் எல்லாம் இப்ப எவ்ளோ வந்திருக்கு. சுத்தியல் சும்மா, பொண்டாட்டி திருப்திக்கு.”

இந்த இடத்தை நீங்கள் வார்த்தை மாறாமல் எழுத வேண்டும், சார்ஜன்ட். அடிக்கவே மாட்டேன் என்று அவன் வாயால் சொன்னான். நான் வற்புறுத்தவில்லை.

அவன் போனபிறகு வெகு நேரம் அந்தக் கோடரியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல சாமான். எடை சரியாக இருந்தது. அவன் ஏறிவிடுவான் என்று எனக்குத் தெரியும். அவன் என்னைவிட நன்றாக ஏறுவான். எப்போதுமே அப்படித்தான். பனிக்காலம் முடிவதற்குள் பல் டாக்டருக்கு ஒரு கடிதம் போகும். அடுத்த பதிப்பில் என் பெயருக்குக் கீழே அவன் பெயர், சுத்தமானவன் என்று.

அப்போதுதான் நியாயமான ஒரு வழி தோன்றியது. நான் அவசரக்காரன் இல்லை. மூன்று நாள் யோசித்தேன். அந்தக் கோடரியின் தலையில் சுத்தியலை வெல்டிங் வைத்துப் பொருத்தினேன். நன்றாகச் சூடேற விட்டேன். பிறகு தேய்த்து, வழவழவென்று ஆக்கி, கறுப்புச் சாயம் அடித்தேன். வழக்கமாக போல்ட் வரும் இடத்தில் இரண்டு போல்ட் தலைகளை மட்டும் ஒட்டினேன். பார்க்கிறவனுக்கு என் வழக்கமான வேலை மாதிரியே இருக்கும். பழைய கோடரித் தலைகள் மூன்றை அதே மாதிரி செய்து, குளிர்பெட்டியில் வைத்து எடுத்து, அடித்துப் பார்த்தேன். சும்மா தொங்கினால் தாங்கியது, எவ்வளவு எடை போட்டாலும். அடிக்க அடிக்கத்தான் விட்டுக்கொடுத்தது. ஒன்று ஏழு அடியில், ஒன்று பத்தில், ஒன்று பன்னிரண்டில்.

புரிகிறதா? ஆணி அடிக்காதவனுக்கு அந்தக் கோடரியால் ஒரு ஆபத்தும் கிடையாது. அவன் சொன்ன சொல்லுக்கு உண்மையாக இருந்தால் உச்சிக்குப் போய், இறங்கி, எனக்கே வந்து காட்டியிருப்பான். நான் செய்தது ஒரு சோதனை. அவன் கயிற்றைப் பிடித்து என்னைச் சோதித்தான். நான் இரும்பில் அவனைச் சோதித்தேன். இதில் என் பங்கு எது, அவன் பங்கு எது என்று நீங்கள்தான் பிரிக்க வேண்டும்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரைக்கு மலையடிவாரக் கார் நிறுத்தத்துக்குப் போனேன். கோடரியை அங்கே வந்து கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். கடைசி நிமிடத்தில் கொடுத்தால் வேறு எங்கும் அடித்துப் பார்க்க மாட்டான். ஐலா காரின் பின்கதவைத் திறந்துவைத்து, காலில் மாட்டும் இரும்பு முட்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு ரொட்டி நீட்டினாள், உள்ளே சதுர சாசேஜும் பிரவுன் சாஸும் வைத்து, சுடச்சுட.

“நீங்களும் வந்திருக்கலாம் மர்டோ” என்றாள். “ரெண்டு பேரும் பேசிக்காம இருக்கறது எனக்கே பாக்கச் சகிக்கல. இவரு வீட்ல பொலம்பறாரு.”

நினியன் கோடரியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலால் போல்ட் தலையைத் தடவினான். “பாத்தியா ஐலா, ஒட்டுப்போட்ட எடமே தெரியல. கை இல்லடா இது, மெஷினு” என்றான். அவனுடைய பழைய கோடரியும் காரில்தான் கிடந்தது. அதை எடுத்துக்கொள் என்று நான் சொல்லியிருக்கலாம். ரொட்டி வாயில் இருந்தது. மென்று முடிப்பதற்குள் அவர்கள் வேலியைத் தாண்டிவிட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினான்.

நான் மீட்புக் குழுவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன், உங்களுக்குத் தெரியும். ஒரு மணிக்கு மேல் போன் வந்தது. பென் அர்டாக், வடக்குச் சுவர், ஒருவர் விழுந்திருக்கிறார். வர முடியாது என்று சொல்வது முறையில்லை. போனேன். ஸ்ட்ரெச்சரின் இடது பின்மூலை என் தோளில். முழங்காலைப் பற்றி அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ஐலா எங்கள் பின்னாலேயே நடந்துவந்தாள். கையுறை உள்ளங்கையில் கயிறு ஓடித் தீய்ந்திருந்தது. உடைந்த கோடரித் தலையை நான் மறைக்கவில்லை. பனியில் கிடந்ததை நானே பொறுக்கிக் குழுத் தலைவரிடம் கொடுத்தேன். பதினொன்றாவது, பன்னிரண்டாவது அடியில் போயிருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லையே என்று அவன்மேல் கோபம்கூட வந்தது.

அடக்கம் முடிந்து நான்காம் நாள் ஐலா பட்டறைக்கு வந்தாள். அவன் உட்கார்ந்த அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“சுத்தியல் வேணும்னு நான்தான் சண்டை போட்டேன்” என்றாள். “நான் வாய மூடிட்டு இருந்திருந்தா அவரு அந்தக் கோடரிய அப்படியே எடுத்துட்டுப் போயிருப்பாரு. நான்தான் மர்டோ, நான்தான் கொன்னுட்டேன்.”

டீ போட்டுக் கொடுத்தேன். தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று பொதுவாகச் சொன்னேன். அவள் சொன்னதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியுமா? சுத்தியல் கேட்டது அவள்தான். அதனால் ரொம்பவும் மறுக்கவில்லை.

இப்போது நீங்கள் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்திருக்கிறீர்கள். உள்ளே இருப்பது என்னவென்று கேட்கிறீர்கள். ஆணி. துருப்பிடித்தது. தலையில் ‘எம்.ஜி.’ என்று குத்தியிருக்கிறதே, அது நான் குத்தியது. 2004-ல் அந்த விரிசலில் அடித்துவிட்டு வந்த ஆணி. அவன் ஜாக்கெட் பையில் இருந்தது என்கிறீர்கள்.

ஐலா உங்களிடம் சொன்னதையும் படித்துக் காட்டினீர்கள். அவன் கஷ்டமான இடத்துக்கு ஏறிவிட்டான். ஓய்வில்லாமல், ஆணி இல்லாமல். அங்கே என் ஆணியைப் பார்த்துவிட்டுக் கீழே கத்தியிருக்கிறான்: “ஐலா, மர்டோவோட ஆணி இன்னும் இங்கயே இருக்கு. புடுங்கிட்டுப் போய் அவன் கையில குடுக்கப் போறேன். அப்பவாவது பேசறானா பாப்போம்.” இடது கைக் கோடரியில் நின்றுகொண்டு, வலது கைச் சுத்தியலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டியிருக்கிறான். அது வெளியே வந்தது. பையில் போட்டுக்கொண்டான். அப்புறம் வலது கைக் கோடரியை மேலே விரிசலில் மாட்டி, முழு எடையையும் அதில் போட்டான். தலை உடைந்தது; கீழே விரிசலில் சொருகியிருந்த சாமானும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. துருப்பிடித்த ஆணியை அவன் நம்பவில்லை. என் வேலையை நம்பினான்.

முகத்தைப் பார்க்காதீர்கள், சார்ஜன்ட். நான் அழப்போவதில்லை. உள்ளே அடித்தாலும் வெளியே பிடுங்கினாலும் அடி அடிதான். இரும்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எனக்கு வெறுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். கடைசி வரைக்கும் அவன் நல்லவனாகவே இருந்து தொலைத்தான். அவனோடு ஒரு சண்டைகூட ஒழுங்காகப் போட முடிந்ததில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். நினியன் பெய்னைக் கொன்றது நான், மர்டோ கில்லீஸ். தெரிந்து, திட்டமிட்டு, என் கையால். ஐலாவுக்கு இதில் சம்பந்தம் இல்லை. வேலை அரைகுறை இல்லை என்பதை அந்தப் பத்திரிகைக்கும் தெரியப்படுத்துங்கள், மறுப்பு அதே பக்கத்தில் வர வேண்டும். விசாரணை முடிந்ததும் ஆணியை எனக்குத் திருப்பித் தர வழி இருந்தால் தாருங்கள். என் பெயர் குத்தியது, அவனும் எனக்காகத்தான் எடுத்தான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். ‘ஓய்வு எடுத்ததை மறைப்பதற்காக’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒப்புக்கொண்டு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அன்றைக்குக் கை விறைத்திருந்தது, விரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. இடுப்புவாரை அந்த ஆணியில் மாட்டிக்கொண்டு மூன்று மூச்சு விட்டேன். வெறும் மூன்று மூச்சு. அதற்கு யாராவது ஓய்வு என்று பெயர் வைப்பார்களா?